கறைக்கும் கண்ணாடிக்கும் நடுவே

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரத்துக்கு மேலே விமானம் தாழ்ந்து பறக்கும்போது, பழுப்பு நிலத்தில் நீலப் பொட்டு வைத்ததுபோலக் கொல்லைப்புறங்களில் நீச்சல் குளங்கள் தெரியும். கீழே இறங்கி, ஒரு குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தால் வேறொன்று கண்ணில் படும். குளத்தின் உள்விளிம்பில், தண்ணீர் வந்து தொடும் உயரத்தில், அரையடி அகலத்துக்கு டைல்ஸ் பதித்திருப்பார்கள். புதிதில் அது ஆழ்ந்த நீலமாகப் பளபளத்திருக்கும். சில ஆண்டுகளில் அந்த நீலத்தின் மேல், குளத்தைச் சுற்றிலும் ஒரு வெள்ளை வளையம் விழுந்துவிடுகிறது. தடவினால் சொரசொரக்கும். சுரண்டினால் நகம்தான் தேயும், வளையம் தேயாது.

அது அழுக்கு என்றால் பிரஷ்ஷுக்குப் பணிந்திருக்கும். அது கல். எங்கோ மலையாக நின்றது, ஆற்றில் கரைந்து, கால்வாயில் நடந்து, குழாயில் ஏறி, இந்தக் குளத்தின் ஓரத்தில் மறுபடி கல்லாகியிருக்கிறது. அதை எடுப்பது எப்படி என்பதைவிட, அதை மட்டும் எடுப்பது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. அடியில் இருக்கும் டைல்ஸின் பளபளப்பு ஒரு மெல்லிய கண்ணாடிப் பூச்சு. கல்லை உடைக்க வேண்டும், ஒட்டியிருக்கும் கண்ணாடிக்குக் கீறல் விழக்கூடாது.

முதலில் அந்தக் கல்லின் பயணம்.

கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் சுவரில், பாதி உயரத்தில் செங்குத்தாக நிற்கிறது ரெட்வால் என்ற சுண்ணாம்புப் பாறை அடுக்கு. ஏறக்குறைய 34 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடம் ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடல். அதில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் அடியில் படிந்து இறுகியதுதான் இன்று பாறையாக நிற்கிறது. வேதிப்பெயர் கால்சியம் கார்பனேட்; கனிமமாகச் சொன்னால் கால்சைட். சுத்தமான தண்ணீரில் அது கரையாது என்றே சொல்லிவிடலாம். ஆனால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைக் குடித்துக்கொண்டு லேசாகப் புளித்துவிடுகிறது. புளித்த தண்ணீருக்குச் சுண்ணாம்புக்கல் இளகும். பைகார்பனேட்டாக மாறிக் கரைந்து வரும். கொலராடோ ஆற்றின் படுகையில் இப்படிச் சுண்ணாம்பும் ஜிப்சமும் உப்பும் கலந்த பாறைகள் ஏராளம். அவற்றையெல்லாம் நக்கிக்கொண்டு வரும் அந்த ஆற்றைத் தேக்கி, ஹவாசு ஏரியிலிருந்து கால்வாய் வெட்டி, பாலைவனத்தின் குறுக்கே 336 மைல் தூரம் ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் கொண்டு போகிறார்கள். 1973-ல் தொடங்கிய வேலை 1993 வாக்கில் முடிந்தது. ஒரு பாலைவன நகரம் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது. தண்ணீரோடு மலையும் வந்தது.

கரைந்த கல் எப்போது திரும்பக் கல்லாகும்? புளிப்பு போகும்போது. கார்பன் டை ஆக்சைடு காற்றில் பறந்துவிட்டால் பைகார்பனேட்டால் கால்சியத்தைக் கரைசலில் தாங்கிப் பிடிக்க முடியாது. இதை இயற்கையே பெரிய அளவில் செய்து காட்டும் இடம், கிராண்ட் கேன்யனுக்குள் இருக்கும் ஹவாசு ஓடை. அந்த நிலம் ஹவாசுபாய் மக்களுடையது. அங்கே தண்ணீர் அருவியாகக் குதித்துக் காற்றோடு கலக்கும் ஒவ்வோர் இடத்திலும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சைட் படிந்து, டிராவர்டைன் என்ற கல் அணைகளாகவும் தொட்டிகளாகவும் நீலப்பச்சை நீரைத் தாங்கி நிற்கிறது. உலகின் அழகான இடங்களில் ஒன்று அது. கொல்லைப்புறக் குளத்தின் வெள்ளை வளையமும் அதே வேதியியல்தான். செயற்கை அருவியும் நீரூற்றும் வைத்த குளங்களில், தண்ணீர் வழிந்து விழும் உதட்டில்தான் படிவு மிகத் தடிமனாக இருக்கும் என்பதும் இதனால்தான்.

வெயில் இன்னொரு வேலையைச் செய்கிறது. ஃபீனிக்ஸில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு குளத்திலிருந்து ஆண்டுக்கு ஆள் உயரத்தை ஒட்டிய அளவு தண்ணீர் ஆவியாகும். குறைத்தே கணக்குப் போடுவோம். நாற்பது சதுர மீட்டர் பரப்புள்ள குளத்தில் ஒன்றரை மீட்டர் உயரத் தண்ணீர் ஆவியானால் 60,000 லிட்டர். அத்தனையையும் குழாயைத் திறந்து திரும்ப நிரப்ப வேண்டும். லிட்டருக்கு 250 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆண்டில் 15 கிலோ சுண்ணாம்பு அந்தக் குளத்துக்குள் வந்து சேர்கிறது. தண்ணீர் போய்விடுகிறது, சுண்ணாம்பு போவதில்லை. அது முழுவதும் டைல்ஸில் ஒட்டாது. பெரும்பகுதி கரைந்தே இருக்கும். ஆனால் எங்காவது படிய இடம் தேடிக்கொண்டே இருக்கும்.

அந்த இடம் ஏன் எப்போதும் நீர்மட்டக் கோடாக இருக்கிறது? தண்ணீர் டைல்ஸைத் தொடும் விளிம்பில் மெல்லிய படலமாக மேலேறி நிற்கும். அந்தப் படலத்தில்தான் ஆவியாதல் மிக வேகம். இழந்ததை ஈடுகட்ட உள்ளிருந்து தண்ணீர் விளிம்பை நோக்கி ஊர்கிறது, வரும்போது தன் உப்பையும் சுமந்து வருகிறது. மேஜையில் சிந்திய காப்பித் துளி காய்ந்தால் நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் அடர்ந்த வளையம் விடுகிறதே, அதே கதை. எல்லோரும் தினமும் பார்த்த அந்தக் காப்பி வளையத்துக்குச் சரியான விளக்கம் 1997-ல்தான் சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. குளத்தின் விளிம்பு ஒருபோதும் முழுதாகக் காயாத காப்பித் துளி. அதற்கு மேல், கால்சைட்டுக்கு ஒரு விசித்திரக் குணம்: சர்க்கரைபோலச் சூட்டில் அதிகமாகக் கரையாமல், சூடு ஏற ஏறக் குறைவாகக் கரையும். உப்புத்தண்ணீர் வரும் சென்னை வீடுகளில் வாட்டர் ஹீட்டர் ராடின் மேல் வெள்ளைப் பொறுக்குத் தட்டுவது அதனால்தான். வாளியின் மற்ற இடத்தை விட்டுவிட்டு, மிகச் சூடான இடத்தில் போய்ப் படிகிறது. குளத்தில் மிகச் சூடான இடம் வெயிலில் காயும் அந்த டைல்ஸ் வரிசை.

முதல் படலம் ஒட்டிவிட்டால் பிறகு வேகம் கூடும். சொரசொரப்பான படிவு பஞ்சுபோலத் தண்ணீரை மேலே இழுக்கும். இழுத்த தண்ணீர் காயும். காய்ந்த இடம் இன்னும் சொரசொரக்கும். இந்த நுணுக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸின் மேற்பரப்பு வழவழவென்று இருக்கும்வரைதான் அது படிவைத் தள்ளிப்போடும்.

தண்ணீர் கல்லைப் படியவிடுமா, கரைக்குமா என்பதை முன்கூட்டியே சொல்ல ஒரு கணக்கு உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்ஃப்ரட் லாங்கலியர் 1936-ல் நகரக் குடிநீர்க் குழாய்களுக்காக அதை எழுதினார். அமில காரத் தன்மை, வெப்பம், கால்சியம், காரத்திறன், மொத்தக் கரைபொருள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு எண் வரும். பூஜ்யத்துக்கு மேலே போனால் படியும், கீழே போனால் அரிக்கும். இன்று குளம் பராமரிப்பவர்கள் கையில் இருப்பதும் அதே கணக்குதான். சரியாகப் பார்த்துக்கொண்டால் வளையம் வருவது பல ஆண்டுகள் தள்ளிப்போகும். வந்துவிட்ட வளையத்தை அந்தக் கணக்கு எடுத்துத் தராது.

வந்ததை எடுக்க முதலில் கை போவது ஆசிட் பாட்டிலுக்கு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கால்சைட்டின் மேல் பட்டதும் நுரைத்துப் பொங்கும். கல், கால்சியம் குளோரைடாகக் கரைந்து ஓடும். பார்க்க மனநிறைவாக இருக்கும். ஆனால் டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவே இருக்கும் கிரவுட் சிமென்ட். சிமென்ட்டும் சுண்ணாம்பின் பிள்ளைதான். அமிலத்துக்குக் கறையின் கால்சியம் எது, கிரவுட்டின் கால்சியம் எது என்று தெரியாது. எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு முன்பு குளியலறையைப் பளிச்சென்று ஆக்க வேண்டும் என்று, நானே முன்னால் நின்று ஆசிட் ஊற்றித் தேய்க்கச் சொன்னேன். டைல்ஸ் பளிச்சென்று ஆனது. மூன்று மாதம் கழித்துக் கீழ் அறையின் சுவரில் ஈரம் பூத்தது. இடுக்குகளில் கிரவுட் பாதிக்கு மேல் போயிருந்தது. அன்றுதான் எனக்குப் புரிந்தது, சுத்தம் செய்யும் பொருளுக்குக் கறையை மட்டும் அடையாளம் தெரிய வேண்டும் என்பது. குளத்தில் ஆசிட் ஊற்றுவதில் இன்னொரு வீண்வேலையும் உண்டு: கரைந்த கால்சியம் வழிந்து திரும்பக் குளத்துத் தண்ணீரிலேயே போய்ச் சேர்கிறது, மறுபடி ஏறி வர.

ஆனால் ஒரு சொட்டு அமிலம் பரிசோதனைக்கு நல்லது. சொட்டு விட்டதும் நுரைத்தால் அது கார்பனேட். பேசாமல் கிடந்தால், சாம்பல் நிறமாகவும் இறுக்கமாகவும் இருந்தால், அது கால்சியம் சிலிகேட்டாக இருக்கலாம். அது வர ஆண்டுகள் பிடிக்கும், போக மறுக்கும். அமிலம் பலிக்காத அந்த இடத்தில் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

உடைப்பது என்றால் நுரைக்கல்லால் தேய்ப்பதில் தொடங்கலாம். சிறிய குளத்தில், பொறுமை உள்ளவர் கையில் அது நல்ல வழிதான். நூறு அடி சுற்றளவுள்ள குளத்தைத் தேய்த்து முடிக்க முழங்கால் தாங்காது. அங்கேதான் காற்றில் துகள்களைக் கலந்து வீசும் முறை வருகிறது. நம் பட்டறைகளில் சேண்ட் பிளாஸ்டிங் என்பார்கள்.

அதைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் சியூ டில்மன். ஃபிலடெல்ஃபியாக்காரர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு அணியின் படை அதிகாரி. 1870 அக்டோபரில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. காற்றில் பறந்த மணல் ஜன்னல் கண்ணாடிகளை மங்கவைத்ததைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, அவர் செய்து காட்டியது அன்றைய கனிமவியல் அறிவைச் சோதித்தது. ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812-ல் வகுத்த பத்துப் படிக் கடினத்தன்மை ஏணியை எல்லோரும் அறிவார்கள்: டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3 என்று ஏறி, குவார்ட்ஸ் 7, குருந்தம் 9, வைரம் 10 என்று முடியும். மேல்படியில் இருப்பது கீழ்ப்படியில் இருப்பதைக் கீறும் என்பது விதி. (ஒன்பதாம் படியின் ஆங்கிலப் பெயரான கொரண்டம், நம் குருந்தத்திலிருந்து போன சொல். தென்னிந்தியப் பட்டை தீட்டுவோரின் சொல் உலகக் கனிமவியலுக்குள் நிலைத்துவிட்டது.) டில்மன் ஏழாம் படியில் இருக்கும் மணலை நீராவியால் வேகமாக வீசி, ஒன்பதாம் படிக் குருந்தத்தில் துளை போட்டுக் காட்டினார்.

ஏணி தப்பா? தப்பில்லை. மோஸ் சொன்னது மெதுவாகக் கீறுவதைப் பற்றி. வேகமாக மோதுவது வேறு. நொறுங்கும் இயல்புள்ள பொருளில் போதுமான வேகத்தில் ஒரு துகள் மோதினால், மேற்பரப்பின் அடியில் நுண்விரிசல்கள் ஓடும். அடுத்த துகள் மோதும்போது விரிசல்கள் சந்தித்து ஒரு பொருக்கு கழன்று விழும். அம்மி கொத்துபவர் உளியால் செய்வதும் அதுதான்: அறுப்பதில்லை, பெயர்க்கிறார். இதில் ஒரு வேடிக்கையான மறுபக்கமும் உண்டு. மணல் வீச்சின் முன் கண்ணாடி தோற்கும். அதன் மேல் ஒட்டிய ரப்பர் தோற்காது. ரப்பர் அமுங்கி, மோதலின் ஆற்றலை வாங்கி, துகளைத் திருப்பி அனுப்பிவிடும். கண்ணாடியில் பூவேலை செய்ய இதைத்தான் பயன்படுத்தினார்கள். மென்மையான அச்சுத்தாளை ஒட்டி மணலை வீசினால், தாள் மூடிய இடம் தெளிவாக நிற்கும், திறந்த இடம் பனிபடிந்ததுபோல் மங்கும்.

கண்ணாடியை மங்கவைப்பதற்காகப் பிறந்த கருவி அது. நமக்கோ கண்ணாடி மங்காமல் இருக்க வேண்டும். டில்மன் விரும்பிய விளைவுதான் குளத்து டைல்ஸுக்கு விபத்து. ஆகவே அதே கருவியைத் தலைகீழாக யோசிக்க வேண்டும்: கறையை உடைக்கப் போதுமான, கண்ணாடியை உடைக்கப் போதாத ஓர் அடி.

அந்த அடியின் அளவைப் பார்ப்போம். குளத்து வேலையில் பரவலாகப் பயன்படும் ஒரு துகள், நுண்ணிய கண்ணாடி மணி. 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மணியின் எடை ஏறக்குறைய 10 மைக்ரோகிராம். அது வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போனால், சுமந்து செல்லும் ஆற்றல் ஓர் அரிசியைப் பத்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் கிடைப்பதற்குச் சமம். அவ்வளவுதான். ஆனால் அந்த ஆற்றல் ஊசிமுனையை விடச் சிறிய இடத்தில் இறங்குகிறது. வினாடிக்கு எத்தனையோ ஆயிரம் தடவை. வேகத்தை இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. விட்டத்தை இரட்டித்தால் எடையே எட்டு மடங்கு. கம்ப்ரஸரின் திருகை அரைச் சுற்றுத் திருப்புவது சின்ன விஷயமில்லை என்பது இந்தக் கணக்கில் தெரியும். இரும்புப் பாலங்களில் துரு எடுப்பவர்கள் 100 பிஎஸ்ஐ அழுத்தத்தை ஒட்டி வேலை செய்வார்கள். டைல்ஸில் அதைவிட மிகக் குறைந்த அழுத்தம் போதும். கார் டயரில் இருக்கும் 30, 35 பிஎஸ்ஐ அளவில் தொடங்கிப் பார்ப்பது விவேகம்.

மணி உருண்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. உருண்டை ஒன்று கண்ணாடியை அழுத்தினால் என்ன ஆகும் என்று முதலில் கணக்கிட்டவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். வானொலி அலைகளுக்காக உலகம் அறிந்த அதே ஹெர்ட்ஸ், இளைஞராக பெர்லினில் இருந்தபோது 1881-ல் இந்தத் தொடுகைக் கணக்கை எழுதினார். அவருடைய கணக்குப்படி, அழுத்த அழுத்த உருண்டையின் தொடுபரப்பு அகன்றுகொண்டே போகும், விசை பரவிவிடும். ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கண்ணாடியில் கூம்பு வடிவ விரிசல் பிறக்கும். வரம்புக்குள் நின்றால் கண்ணாடி வெறுமனே குழிந்து நிமிர்ந்துகொள்ளும். கூர்முனையுள்ள மணல் துகளுக்கு இந்தப் பரவல் கிடையாது; முனையில் விசை குவிந்து, சிறிய அடியிலேயே விரிசல் விழுந்துவிடும். துளைகள் நிறைந்த, அடுக்கடுக்கான சுண்ணாம்புப் படிவுக்கோ உருண்டையின் அடியே அதிகம். ஆக, மணியின் கடினத்தன்மை டைல்ஸின் பூச்சுக்கு நிகராகவே இருந்தாலும், வடிவமும் வேகமும் ஒரு பாதுகாப்பு இடைவெளியை உண்டாக்கித் தருகின்றன. குறுகிய இடைவெளி. கைதேர்ந்தவர் அதற்குள் வேலை செய்கிறார்.

இடைவெளியை அகலப்படுத்த இன்னொரு வழி, ஏணியில் சரியான படியில் நிற்கும் பொருளைத் தேடுவது. டைல்ஸின் பூச்சு ஐந்தரை, ஆறு. கால்சைட் மூன்று. இரண்டுக்கும் நடுவே, கால்சைட்டுக்குச் சற்றே மேலே ஒரு பொருள் கிடைத்தால்? நம் பாட்டிமார் ஈயம் பூசிய பாத்திரத்துக்குச் சாம்பலும், அடிப்பிடித்த இரும்புச் சட்டிக்குச் செங்கல் தூளும் எடுத்தார்கள். மாற்றி எடுத்தால் ஈயம் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். குளத்துக்குக் கிடைத்த அந்தச் சாம்பல், கீசரைட் என்ற உப்பு. கடினத்தன்மை மூன்றரை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பேதி உப்பின் நெருங்கிய உறவு இது. இரண்டுமே மக்னீசியம் சல்ஃபேட். பேதி உப்பில் ஒரு மூலக்கூறுக்கு ஏழு தண்ணீர் மூலக்கூறு சேர்ந்திருப்பதால் அது மிருது. கீசரைட்டில் ஒன்றுதான், அதனால் இறுகி நிற்கிறது.

இந்தக் கீசரைட் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தபோது நான் வியந்து போனேன். 1861-ல் ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட் உப்புச் சுரங்கத்திலிருந்து அதை முதலில் விவரித்தார்கள். ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவின் நடுவே ஒரு கடல் வற்றி வற்றிக் காய்ந்தது. அதன் உப்புதான் அது. அரிசோனாவில் ஒரு குளத்தின் ஓரத்தில், ஒரு பழைய கடலின் சுண்ணாம்பை வேறொரு பழைய கடலின் உப்பு உடைத்துத் தள்ளுகிறது. இரண்டு கடல்களும் டைனோசர்களுக்கு முந்தியவை.

கீசரைட்டுக்கு இன்னொரு சௌகரியம், குளத்தில் விழுந்தது கரைந்துவிடும். ஆனால் அதை நம்பி விட்டுவிடக்கூடாது. சல்ஃபேட் அளவு கூடினால் குளத்தின் சிமென்ட் பூச்சை அது மெல்ல அரிக்கும். கரைவதற்கு முன்பே அடியிலிருந்து உறிஞ்சி எடுப்பவர்தான் வேலை தெரிந்தவர். சமையல் சோடாவையும் வீசுவார்கள். அது இரண்டரைப் படி, நம் நகத்தின் கடினம். எண்ணெய்க் கறைக்கும் மெல்லிய படிவுக்கும் போதும், தடித்த கால்சைட்டுக்குத் திணறும். மிருதுவான பொருள் என்பதற்காக அது எங்கும் பாதுகாப்பானது என்று எண்ணவும் கூடாது. 1980-களில் நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையைப் புதுப்பித்தபோது, உட்புறத் தாமிரத் தகட்டில் ஒட்டியிருந்த தாரை எடுக்கச் சமையல் சோடாவை வீசினார்கள். இரண்டரை மில்லிமீட்டருக்கும் மெலிந்த தகடு. கீறல் விழாமல் தார் கழன்றது. ஆனால் இணைப்புகளின் வழியே வெளியே கசிந்த சோடா, நூறாண்டு பச்சைக் களிம்போடு வினைபுரிந்து சில இடங்களை நீலமாக்கத் தொடங்கியது. வெளிப்புறத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவவேண்டி வந்தது. கடினத்தன்மையில் ஜெயித்த பொருள் வேதியியலில் வம்பு செய்தது. குளத்திலும் அப்படித்தான், உதிரும் சோடா தண்ணீரின் காரத்திறனை உயர்த்திவிடும். லாங்கலியரின் எண் மேலே ஏறும். இன்று எடுத்த வளையத்துக்கு நாளைய வித்து அது.

மணலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலிவு, வேகம், எங்கும் கிடைக்கும். டைல்ஸைக் கெடுக்கும் என்பது அதன் சின்னக் குற்றம். பெரிய குற்றம், வீசுபவரின் நுரையீரலில் நடக்கிறது. மோதி உடையும் ஒவ்வொரு மணல் துகளும் கண்ணுக்குத் தெரியாத குவார்ட்ஸ் தூளாகச் சிதறும். அதில் சில மைக்ரான் அளவானவை மூக்கின் வடிகட்டியைத் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அங்கே காவலுக்கு இருக்கும் வெள்ளணுக்கள் அதை விழுங்கும். செரிக்க முடியாமல் செத்து உடையும். துகள் வெளியே வந்து அடுத்த அணுவின் வாயில் போகும். ஒவ்வொரு சாவும் கொஞ்சம் தழும்பு விடும். தழும்பு கூடக் கூட மூச்சு வாங்கும் இடம் குறையும். சிலிகோசிஸ் என்ற இந்த நோய்க்கு, தழும்பை அழித்துத் தரும் மருந்து இன்றுவரை இல்லை. புதிதாக உடைந்த குவார்ட்ஸின் முகம் பழைய தூளைவிடக் கொடியது என்பதால், சேண்ட் பிளாஸ்டிங் செய்பவர்களை அது மிக வேகமாகத் தாக்கும்.

இது தெரியாமல் நடந்ததில்லை. பிரிட்டன் 1949-ல் எழுதிய விதிகளிலேயே வார்ப்படங்களுக்கு மணல் வீசுவதைத் தடுத்துவிட்டது. அமெரிக்காவின் பணிநல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1974-ல் மணலைக் கைவிடச் சொன்னது. அப்படியும் ஜீன்ஸ் துணியை நைந்ததுபோல் காட்டுவதற்காகத் துருக்கியின் சிறு பட்டறைகளில் இளைஞர்கள் மணல் வீசினார்கள். இருபது வயதில் நுரையீரல் கல்லான பிறகு, 2009-ல் அங்கே அது தடைசெய்யப்பட்டது. ஒரு கால்சட்டையின் வெளிறிய முழங்காலுக்காக. இதை எழுதும்போதும் என் கை நிற்கிறது.

கண்ணாடி மணியிலும் சிலிக்கா இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் படிக வடிவில் இல்லை. அணுக்கள் ஒழுங்கின்றிக் கிடக்கும் கண்ணாடி, குவார்ட்ஸ் செய்யும் அந்தக் கொலையைச் செய்வதில்லை. அதற்காக முகமூடியைக் கழற்றிவிட முடியாது. கிரவுட்டில் மணல் இருக்கிறது. டைல்ஸின் மண்ணுடலில் குவார்ட்ஸ் இருக்கிறது. அடி தவறினால் அவையும் தூளாகும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை 2016-ல் வகுத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் படிகச் சிலிக்கா. ஓர் உப்புக்கல்லின் எடைகூட வராது அந்த அளவு.

வேலை நடக்கும் நாளில் குளத்தை முழுக்க இறைப்பதில்லை. டைல்ஸ் வரிசைக்குக் கீழே ஓரடி மட்டும் தண்ணீரை இறக்குவார்கள். நிலத்தடி நீர் உயர்ந்த ஊர்களில் காலிக் குளம் ஒரு படகு. சுற்றியுள்ள ஈரமண் அடியிலிருந்து தள்ள, கான்கிரீட் தொட்டி தரையைப் பிளந்து மேலே கிளம்பிவிடும். ஃபீனிக்ஸ்போன்ற வறண்ட ஊரில் அந்தப் பயம் குறைவு. அங்கே காலிக் குளத்தின் உட்பூச்சு வெயிலில் காய்ந்து வெடிக்கும். இரண்டு இடத்திலும் தண்ணீர் உள்ளேயே இருப்பது நல்லது. வண்டியில் கம்ப்ரஸர் உறுமும். துகள் நிரப்பிய கலத்திலிருந்து தடித்த ஹோஸ் குளத்துக்குள் இறங்கும். அதன் நுனியில் இருக்கும் நாசில் டங்ஸ்டன் கார்பைடிலோ போரான் கார்பைடிலோ செய்தது. சாதாரண எஃகை அந்தத் துகள் ஓட்டமே தின்று ஓட்டையை அகலமாக்கிவிடும்.

தேர்ந்தவர் முதலில் யார் கண்ணிலும் படாத மூலையில், படிக்கட்டின் அடியில் உள்ள ஒரு டைல்ஸில் தொடங்குவார். குறைந்த அழுத்தம், தள்ளி நின்ற நாசில். கழுவி, துடைத்து, காயவிட்டு, சாய்ந்த வெளிச்சத்தில் பார்ப்பார். ஈரமான டைல்ஸ் ஏமாற்றும். மங்கிய கண்ணாடியும் தண்ணீர் பட்டால் பளபளக்கும். காய்ந்த பிறகும் முகம் தெரிந்தால் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றுவார். கலிஃபோர்னியாவின் இயன் ஃபின்னி 1960-ல் துகள் அரிப்பைப் பற்றி எழுதியது இங்கே கைகொடுக்கிறது. உலோகம்போல் வளையும் பொருளைச் சாய்வான அடி அதிகமாக அரிக்கும். கண்ணாடிபோல் நொறுங்கும் பொருளை நேரான அடிதான் அதிகமாகப் பெயர்க்கும். அதனால் நாசிலை நேருக்கு நேராகப் பிடிக்காமல் சாய்க்கிறார். கண்ணாடியின் மேல் இறங்கும் அடி குறைகிறது, படிவின் ஓரத்தைப் பிடித்து நெம்பும் அடி கூடுகிறது. ஓரிடத்தில் நிற்காமல் கையை ஆட்டிக்கொண்டே போகிறார். படிவு பொருக்குப் பொருக்காகக் கழன்று, அடியிலிருந்து நீலம் எழும். நீலம் தெரிந்த கணத்தில் கை நகர்ந்தாக வேண்டும். அந்த இடத்தில் மேலும் ஒரு நிமிடம் நின்றால், நுண்குழிகள் விழும். முன்பு சொன்னேனே, அந்த வழவழப்பு போய்விடும். குழி விழுந்த பூச்சில் அடுத்த படிவு முன்பைவிட விரைவாக வேர் பிடிக்கும். அவசரக்காரர் சுத்தம் செய்த குளத்துக்கு அடுத்த முறை ஆள் சீக்கிரமே தேவைப்படுவது இதனால்தான். உலோக மினுமினுப்புப் பூச்சுள்ள டைல்ஸ், தங்கத்தகடு பதித்த கண்ணாடி மொசைக் ஆகியவற்றில் அவர் நாசிலை நீட்டவே மாட்டார்.

வேறொரு பரப்பிலும் நீட்ட மாட்டார். கலிஃபோர்னியாவின் சான் சிமியனில், பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டுக்காகக் கட்டடக் கலைஞர் ஜூலியா மார்கன் கட்டிய மாளிகையில் நெப்டியூன் குளம் இருக்கிறது. 1936-ல் இன்றைய வடிவம் பெற்றது. உட்புறத்தில் வெர்மாண்ட் மாநிலத்து வெள்ளைப் பளிங்கு. பளிங்கு என்பது பூமிக்குள் வெந்து மறுபடி படிகமான சுண்ணாம்புக்கல். அதுவும் கால்சைட், அதுவும் மூன்றாம் படி. அதில் தண்ணீர் விட்டுப்போகும் வெள்ளைப் படிவும் கால்சைட். கறையும் கல்லும் ஒரே பொருள். கண்ணாடி மணிக்கும், கீசரைட்டுக்கும், அமிலத்துக்கும் இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் காண வழியில்லை. ஏணியில் இடைவெளியே கிடையாது. கசிவுக்காக 2014-ல் வற்றவிடப்பட்ட அந்தக் குளம், பளிங்குப் பலகைகள் புதிதாகப் பதிக்கப்பட்டு, 2018 ஆகஸ்டில்தான் மறுபடி நிறைந்தது. அப்படிப்பட்ட கல்லில் வெள்ளைத் தடம் விழுந்தால், நுண்ணிய மெருகுத் தூளும் ஈரத்துணியுமாக ஒருவர் உட்கார்ந்து, படிவையும் அதோடு கல்லின் ஒரு மயிரிழையையும் சேர்த்துத் தேய்த்து எடுக்கிறார். எவ்வளவு தேய்த்தோம் என்பதை அவருடைய உள்ளங்கைதான் சொல்லும்.